கணைய அழற்சியும் இரத்தக் குழாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணைய அழற்சி வந்தவர்களின் ஸ்கேன் அறிக்கையில், கணையத்தைப் பற்றிய வரிகளுக்குக் கீழே, சில சமயம் இரத்தக் குழாயைப் பற்றிய ஒரு வரி இருக்கும்: மண்ணீரல் சிரையில் இரத்த உறைவு, அல்லது தமனியில் சூடோ அனியூரிசம். வயிற்று வலிக்காகச் சேர்ந்தவருக்கு இந்த வரி ஏன் வந்தது என்பதும், அதைக் கண்டு எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும் என்பதும் பெரும்பாலும் விளங்குவதில்லை. அத்தகைய நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது. ஒருவருக்கு உரிய சிகிச்சையை அவருடைய ஸ்கேன் படங்களைப் பார்த்த மருத்துவரே முடிவு செய்ய முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இவ்விடைகள் உதவும்.

கணையம் அழற்சியுற்றால் பக்கத்திலுள்ள இரத்தக் குழாய்கள் ஏன் பாதிக்கப்படுகின்றன?

கணையம் இருக்கும் இடமே முதல் காரணம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னே குறுக்காகக் கிடக்கும் இந்த உறுப்பின் மேல் விளிம்பை ஒட்டி மண்ணீரல் தமனி நெளிந்து நெளிந்து செல்கிறது. அதன் முதுகுப்புறத்தில் ஒட்டினாற்போல மண்ணீரல் சிரை ஓடுகிறது. கணையத்தின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால் அந்தச் சிரையும், குடலிலிருந்து மேலேறி வரும் மேல் குடற்சிரையும் ஒன்றுகூடி, கல்லீரலுக்குள் நுழையும் வாயிற்சிரையாகின்றன. தலைப்பகுதியை இரைப்பை முன்சிறுகுடல் தமனியும் அதன் சிறு கிளைகளும் வளைத்துச் செல்கின்றன. வயிற்றின் மிக முக்கியமான இரத்தக் குழாய்கள் இத்தனை நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்புகள் உடலில் குறைவு.

இரண்டாவது காரணம், கணையம் சுரக்கும் நீரின் தன்மை. புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் இயல்பாக முன்சிறுகுடலைச் சென்றடைந்த பிறகுதான் செயல்படத் தொடங்கும். அழற்சியின்போது அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, உறுப்பையும் அதைச் சுற்றியுள்ள திசுக்களையும் அரிக்கத் தொடங்குகின்றன. அவற்றுள் எலாஸ்டேஸ் என்ற நொதி, தமனிச் சுவருக்கு நெகிழ்வும் உறுதியும் தரும் மீள்நார்களையே சிதைக்கக் கூடியது. அரிப்புக்கு உள்ளான சுவர், ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் வந்து மோதும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் பலவீனமடைகிறது. நோய்த்தொற்று சேர்ந்துகொண்டால் இந்த அரிப்பு இன்னும் விரைவுபடும்.

தமனிக்கும் சிரைக்கும் ஒரே வகைப் பாதிப்புதான் வருமா?

இல்லை, இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் பல குழப்பங்களுக்கு இதுவே விடை. தமனிக்குள் அழுத்தம் மிகுதி. ஆகவே அதன் சுவர் அரிக்கப்பட்டால் அது புடைக்கிறது, பிறகு வெடிக்கிறது. சிரையின் சுவர் மெல்லியது, அதனுள் இரத்தம் மெதுவாக ஓடுகிறது. ஆகவே அது வீங்கிய கணையத்தால் அமுக்கப்பட்டு, உட்சுவர் அழற்சியுற்று, உள்ளேயே இரத்தம் உறைந்து அடைபடுகிறது. ஒரே நோய், ஒரே இடத்தில், ஒரு குழாயில் இரத்தக் கசிவையும் அடுத்த குழாயில் இரத்த உறைவையும் உண்டாக்குகிறது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம் என்பதுதான் இந்த நோயாளிகளைக் கவனிப்பதில் உள்ள உண்மையான சிரமம்.

சூடோ அனியூரிசம் என்றால் என்ன? போலி என்றால் ஆபத்தில்லை என்று பொருளா?

பெயர் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. தமனியின் சுவருக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மூன்று அடுக்குகளும் சேர்ந்தே புடைத்தால் அது மெய்யான தமனி வீக்கம். சுவரில் ஓட்டை விழுந்து, வெளியேறிய இரத்தம் சுற்றியுள்ள திசுக்களாலும் நாராலும் ஆன ஒரு பைக்குள் தேங்கி, தமனியோடு தொடர்பை இழக்காமல் துடித்துக்கொண்டிருந்தால் அது போலித் தமனி வீக்கம். அதைத்தான் மருத்துவர்கள் சூடோ அனியூரிசம் என்கிறார்கள். மெய்யான வீக்கத்துக்குத் தமனிச் சுவரே காவல். போலி வீக்கத்துக்கோ அந்தக் காவல் இல்லை; அதன் வெளி உறை எந்த நேரத்திலும் கிழியலாம். எனவே ‘போலி’ என்ற சொல் கட்டமைப்பைக் குறிக்கிறதே தவிர, ஆபத்தின் அளவைக் குறிக்கவில்லை. சொல்லப்போனால் இரண்டில் கூடுதல் ஆபத்தானது போலி வீக்கமே.

கணைய அழற்சியில் உருவாகும் போலி நீர்க்கட்டி என்னும் சூடோசிஸ்டை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கணைய நீர் தேங்கிய பை. இது இரத்தம் தேங்கிய பை. ஆயினும் முதலாவது இரண்டாவதாக மாறக்கூடும். நீர்க்கட்டியின் சுவர் பக்கத்துத் தமனியை அரித்துவிட்டால், கணைய நீர் இருந்த இடத்துக்குள் தமனி இரத்தம் பாய்ந்து, கட்டி முழுவதுமே துடிக்கும் இரத்தப் பையாகிவிடும்.

எந்தத் தமனி பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது?

மண்ணீரல் தமனிக்கே முதலிடம். கணையத்தின் நீளம் முழுவதும் அதை ஒட்டியே அது செல்வதால் இதில் வியப்பில்லை. அடுத்து இரைப்பை முன்சிறுகுடல் தமனியும், கணையத் தலைக்கும் முன்சிறுகுடலுக்கும் இரத்தம் தரும் சிறு தமனிகளும் வருகின்றன. கல்லீரல் தமனி, இடது இரைப்பைத் தமனி, மேல் குடல்தமனி ஆகியவை அரிதாகப் பாதிக்கப்படும்.

நோய் தொடங்கி எத்தனை நாளில் இது நேரும்? அறிகுறிகள் என்ன?

தீவிரக் கணைய அழற்சியில், திசுக்கள் அழுகிய நிலையில், சில வாரங்கள் கழித்தே பெரும்பாலும் இது தெரியவருகிறது. நாள்பட்ட கணைய அழற்சியிலோ பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். முதல் வலி தணிந்து, நோயாளி உணவு உண்ணத் தொடங்கி, வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும் பாதிப்பு என்பதால், அப்போது தோன்றும் அறிகுறியைப் பழைய நோயோடு தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அறிகுறிகள் இரத்தம் எங்கே செல்கிறது என்பதைப் பொறுத்தவை. வயிற்றறைக்குள் கசிந்தால் திடீரென்று கடும் வலியும் மயக்கமும் ஏற்பட்டு, இரத்த அழுத்தம் சரியும். இரைப்பைக்குள்ளோ குடலுக்குள்ளோ கசிந்தால் இரத்த வாந்தி வரலாம், அல்லது தார் போன்ற கருப்பு மலம் போகலாம். நீர்க்கட்டிக்குள் கசிந்தால் கட்டி விரைவாகப் பெரிதாகி, வலி கூடும். வடிகுழாய் வைத்திருப்பவர்களுக்கு வெளிவரும் நீர் சிவந்து தோன்றும். வேறு எதுவும் தெரியாமல் ஹீமோகுளோபின் அளவு மட்டும் காரணமின்றிக் குறைந்துகொண்டே வருவதும் ஓர் அறிகுறியே.

இவற்றுள் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது, சிறிதளவு வந்து தானே நின்றுவிடும் இரத்தக் கசிவு. வடிகுழாயில் ஒரு நாள் கொஞ்சம் சிவப்பு, மறுநாள் தெளிவு. அல்லது ஒரே ஒருமுறை கருப்பு மலம், பிறகு இயல்பு நிலை. நின்றுவிட்டதே என்று எல்லோரும் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் பெரும் இரத்தப் போக்குக்குச் சில மணி நேரத்துக்கு அல்லது சில நாள்களுக்கு முன்னால் இப்படி ஒரு சிறு கசிவு வருவதைக் கணையச் சிகிச்சை நிபுணர்கள் நன்கு அறிவார்கள். அதற்கு முன்னறிவிப்புக் கசிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தமனியில் விழுந்த ஓட்டையை ஓர் உறைகட்டி தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தக் கட்டி கரையும் வரை கிடைக்கும் இடைவெளிதான் சிகிச்சைக்கு மிகச் சிறந்த நேரம்.

கருப்பு மலம் போகிறது, ஆனால் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அது எப்படி?

கணைய நீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயான கணைய நாளத்தின் வழியாக இரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். போலித் தமனி வீக்கம் கணைய நாளத்துக்குள் திறந்துகொண்டால், இரத்தம் அந்த நாளத்தில் ஓடி, வாட்டர் முகடு எனப்படும் சிறு துவாரத்தின் வழியே முன்சிறுகுடலில் வடியும். இந்நிலையை 1931ஆம் ஆண்டிலேயே லோயர், ஃபேரல் என்ற இரு மருத்துவர்கள் விவரித்திருந்தார்கள். 1970ஆம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சாண்ட்ப்ளோம் இதற்கு ஹீமோசக்கஸ் பேங்க்ரியாட்டிகஸ் என்று பெயரிட்டார். அரிதான நிலைதான், ஆனால் நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவரிடம் அதை நினைத்துப் பார்க்காமல் விடக் கூடாது.

இதன் போக்கு விட்டுவிட்டு நிகழ்வது. நாளத்துக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, மேல்வயிற்றில் வலி கூடுகிறது. உறைகட்டி விலகி இரத்தம் குடலுக்குள் வடிந்ததும் வலி தணிகிறது. சற்று நேரத்தில் மலம் கருக்கிறது. பிறகு மறுபடியும் அடைப்பு, மறுபடியும் வலி. வலி வந்து தணிந்த பிறகு கருப்பு மலம் போகிறது என்று நோயாளி சொன்னால், அந்த வரிசையே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். இரத்தம் வடியாத வேளையில் எண்டோஸ்கோப்பி செய்தால் முன்சிறுகுடல் தூய்மையாகவே இருக்கும். மேலும், வழக்கமான எண்டோஸ்கோப்பிக் கருவி நேர் எதிரே பார்ப்பது. வாட்டர் முகடு குடலின் பக்கச் சுவரில் இருப்பதால், பக்கவாட்டில் பார்க்கும் கருவி இருந்தால்தான் அது முழுமையாகத் தெரியும். ஒன்றும் இல்லை என்ற முடிவு வந்தால் அத்தோடு நிறுத்திவிடாமல், தமனிகளைப் படம்பிடிக்கும் ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது முறையே.

எந்தப் பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டும்?

சிரைவழிச் சாயம் ஏற்றி எடுக்கப்படும் சி.டி. ஆஞ்சியோகிராம்தான் முதன்மையானது. இதில் நேரக் கணக்கு முக்கியம். சாயம் ஏற்றிய சுமார் 30 விநாடிகளில் அது தமனிகளை நிரப்புகிறது. சுமார் 70 விநாடிகளில் வாயிற்சிரையையும் அதன் கிளைகளையும் நிரப்புகிறது. கணையத்தை மட்டும் பார்ப்பதற்காக ஒரே கட்டத்தில் எடுத்த ஸ்கேனில் சிறிய போலித் தமனி வீக்கம் தப்பிவிடலாம். சாயமே இல்லாமல் எடுத்ததில் அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. ‘சி.டி. எடுத்தாகிவிட்டது’ என்ற சொல்லை வைத்து நிம்மதி அடைவதற்கு முன்னால், தமனிக் கட்டத்தையும் சிரைக் கட்டத்தையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்க வேண்டும். சிறுநீரகக் குறைபாடோ சாயத்துக்கு ஒவ்வாமையோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டாப்ளர் அல்ட்ராசவுண்டு, நீர்க்கட்டி போல் தோன்றும் ஒன்றுக்குள் இரத்தம் சுழல்வதைக் காட்டிக்கொடுக்கும். சிரை உறைவைத் தொடர்ந்து கண்காணிக்கவும் அது பயன்படும். ஆனால் குடலிலுள்ள காற்று கணையத்தை மறைத்துவிடுவதால், அதில் தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்டைப் பொருத்திப் பார்க்கும் முறையில், இரைப்பைச் சுவரின் வழியே மிக அருகிலிருந்து சிரைகளையும் கட்டிகளையும் பார்க்கலாம்.

வீக்கம் சிறியதுதான், வலியும் இல்லை. கொஞ்ச நாள் காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்கக் கூடாது. மெய்யான மண்ணீரல் தமனி வீக்கத்தில் அளவைப் பார்த்து, சிறியதென்றால் கண்காணிப்பு என்று முடிவெடுப்பது உண்டு. அந்தக் கணக்கைப் போலி வீக்கத்துக்குப் பொருத்துவது தவறு. கணைய அழற்சியால் வந்த போலி வீக்கம் எப்போது வெடிக்கும் என்பதை அதன் அளவு சொல்லாது. மிகச் சிறியதும் வெடித்திருக்கிறது. வெடித்த பிறகு சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலோர் உயிர் பிழைப்பதில்லை. ஆகவே கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை அளிப்பதே ஏற்கப்பட்ட நடைமுறை.

எம்போலைசேஷன் என்ற சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

வயிற்றைத் திறக்காமல், இரத்தக் குழாயின் உள்ளிருந்தே அதை அடைக்கும் முறை அது. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே வழிகாட்டலில் பாதிக்கப்பட்ட தமனி வரை கொண்டுசெல்கிறார்கள். இப்படி ஊசியும் கம்பியும் கொண்டு தமனிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியை 1953ஆம் ஆண்டில் ஸ்வீடனின் கதிரியக்க மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதுவே. சென்றடைந்த பிறகு, நுண்ணிய உலோகச் சுருள்களை வைத்து அல்லது பசை போன்ற பொருளைச் செலுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறார்கள்.

வீக்கத்துக்கு முன்னால் மட்டும் அடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கணையத்தைச் சுற்றியுள்ள தமனிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. முன்வாசலை மூடினால் இரத்தம் கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து அதே ஓட்டையில் புகும். அதனால் ஓட்டைக்கு அப்பால் முதலில் சுருள் வைத்து, பின்னோக்கி வந்து, ஓட்டைக்கு இப்பாலும் வைத்து, இரு புறமும் அடைக்கிறார்கள்.

எல்லாத் தமனிகளையும் இப்படி அடைத்துவிட முடியாது. மண்ணீரல் தமனியை அடைத்தாலும் வேறு சிறு தமனிகளின் வழியே மண்ணீரலுக்கு இரத்தம் போய்ச் சேரும். சில சமயம் அதன் ஒரு பகுதி இரத்தமின்றி மடிந்து, சில நாள்கள் காய்ச்சலும் இடப்பக்க வலியும் இருக்கும், அரிதாகச் சீழும் பிடிக்கும். மேல் குடல்தமனியின் அடிமரத்தை அடைத்தால் குடலே அழியும். கல்லீரல் தமனியைப் பொறுத்தவரை, வாயிற்சிரை திறந்திருந்தால் கல்லீரல் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், ஏனெனில் அதன் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தச் சிரை வழியே வருகிறது. அதே நோயால் வாயிற்சிரையும் உறைந்து அடைபட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். அத்தகைய இடங்களில், ஓட்டையை உள்ளிருந்து மூடிக்கொண்டு ஓட்டத்தைத் தொடரவிடும் உறையிட்ட ஸ்டென்ட் வைக்க முயல்கிறார்கள். கதீட்டர் எட்டாத சிறு வீக்கங்களில், வயிற்றின் வழியாகவோ எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டின் வழியாகவோ ஊசி செலுத்தி, இரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினை உள்ளே ஏற்றுவதும் உண்டு.

பெரும்பாலோருக்கு முதல் முயற்சியிலேயே இரத்தக் கசிவு நிற்கிறது. ஆனால் அரிப்பை உண்டாக்கிய அழற்சி அப்படியே இருப்பதால், சிலருக்கு அதே இடத்திலோ வேறிடத்திலோ மறுபடியும் கசியலாம். சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஸ்கேன் எடுப்பது அதற்காகத்தான்.

அப்படியானால் அறுவைச் சிகிச்சை தேவையே இல்லையா?

சில சூழல்களில் தேவைப்படும். எம்போலைசேஷன் தோற்றால், கதீட்டர் சிகிச்சை செய்யும் வசதி இல்லாத இடத்தில் நோயாளியின் இரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனால், அல்லது இரத்தக் கசிவோடு குடலில் ஓட்டை போன்ற வேறொரு கேடும் சேர்ந்திருந்தால், வயிற்றைத் திறந்து தமனியைக் கட்டுவார்கள். அழற்சியால் இறுகிப்போன அந்தப் பகுதியில் அவசரமாகச் செய்யும் அறுவை மிகுந்த ஆபத்துள்ளது. ஆகவே அது இரண்டாவது தெரிவாகவே வைக்கப்படுகிறது.

மண்ணீரல் சிரையில் உறைவு என்று அறிக்கையில் இருக்கிறது. உடனே உயிருக்கு ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. கணைய அழற்சியின் இரத்தக் குழாய்ப் பாதிப்புகளில் மண்ணீரல் சிரை உறைவு அடிக்கடி காணப்படுவது. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, ஸ்கேனில் தற்செயலாகவே தெரியவரும். அழற்சி தணியும்போது சிலருக்குச் சிரை தானாகவே திறந்துகொள்கிறது. உறைவு வாயிற்சிரைக்கும் மேல் குடற்சிரைக்கும் பரவியிருக்கிறதா என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. மேல் குடற்சிரை முழுதும் அடைபட்டால் குடலிலிருந்து இரத்தம் வெளியேற வழியின்றிக் குடல் வீங்கி மடியக்கூடும். கடும் வயிற்று வலி, வயிற்று உப்புசம், இரத்தம் கலந்த மலம் ஆகியவை அதன் அடையாளங்கள். வாயிற்சிரை நீண்ட காலம் அடைபட்டிருந்தால் அதைச் சுற்றிப் பஞ்சுபோலச் சிறு சிரைகள் கிளைத்து மாற்றுவழி அமைக்கின்றன.

என் கல்லீரல் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் இரைப்பையில் சிரைகள் புடைத்திருக்கின்றன?

இரைப்பையில் புடைத்த சிரைகள் என்றதும் கல்லீரல் சுருக்கத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். மது அருந்தும் பழக்கம் இருந்தவரென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் இங்கே நடப்பது வேறு. மண்ணீரல் சிரை அடைபட்டதும், மண்ணீரலிலிருந்து வரும் இரத்தம் வெளியேற மாற்றுவழி தேடி, இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள சிறு சிரைகளுக்குள் பாய்கிறது. அங்கிருந்து இடது இரைப்பைச் சிரையின் வழியே வாயிற்சிரையை அடைகிறது. இத்தனை இரத்தத்துக்குப் பழக்கப்படாத அந்தச் சிறு சிரைகள் புடைக்கின்றன. அழுத்தம் இடப்பக்கத்தில் மட்டுமே உயர்வதால் இதற்கு இடப்பக்க வாயிற்சிரை அழுத்தம் என்று பெயர்.

கல்லீரல் பரிசோதனைகள் இயல்பாக இருந்து, உணவுக்குழாயில் அதிகம் இல்லாமல் இரைப்பையின் மேற்பகுதியில் மட்டும் சிரைகள் புடைத்து, மண்ணீரலும் பெரிதாகியிருந்தால், மண்ணீரல் சிரையைத் தேடிப் பார்க்க வேண்டும். இதைக் கண்டறிவதில் உண்மையான பலன் உண்டு: கல்லீரல் சுருக்கத்தில் வரும் புடைப்பைப் போலன்றி, இதற்கு முழுத் தீர்வு இருக்கிறது. மண்ணீரலை அகற்றினால் அந்தச் சிரைகளுக்குள் பாயும் இரத்தமே நின்றுவிடும். எனினும் புடைத்த சிரை உள்ள எல்லோருக்கும் மண்ணீரலை எடுப்பதில்லை. பெரும்பாலோருக்கு அந்தச் சிரைகள் ஒருபோதும் கசிவதில்லை. கசிந்தவர்களுக்கே சிகிச்சை: எண்டோஸ்கோப்பி மூலம் சிரைக்குள் பசை செலுத்துவது, மண்ணீரல் தமனியை அடைத்து அங்கே வந்துசேரும் இரத்தத்தைக் குறைப்பது, அல்லது மண்ணீரல் அகற்றம்.

சிரை உறைவுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்க வேண்டுமா?

மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள கேள்வி இது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அவர்களில் ஒருவர் தவறு செய்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. காலில் வரும் சிரை உறைவுக்கு அம்மருந்து தேவை என்பது உறுதியானது. ஆனால் கணையத்தைச் சுற்றி உறைவு இருக்கும் இடத்திலேயே அரிக்கப்பட்ட தமனியும் அழுகிய திசுவும் புடைத்த சிரையும் இருக்கலாம். மருந்து அங்கே இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும். சிரை திறந்துகொள்வது மருந்தினாலா, அழற்சி தணிந்ததாலா என்பதையும் பிரித்தறிவது கடினம்.

மண்ணீரல் சிரையில் மட்டும் உறைவு இருந்தால் பலர் மருந்து தருவதில்லை. வாயிற்சிரைக்கோ மேல் குடற்சிரைக்கோ அது புதிதாகப் பரவியிருந்தால், உறைவு வளர்ந்துகொண்டே போனால், குடலுக்கு ஆபத்து தெரிந்தால், மருந்தின் பக்கம் தராசு சாய்கிறது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அதற்கு முன்னால் தமனிக் கட்ட ஸ்கேனில் போலித் தமனி வீக்கம் இல்லை என்று உறுதிசெய்துகொள்வதே சரி என்பது என் திடமான கருத்து. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. கருப்பு மலம் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீர்க்கட்டியை வடிக்கப் போகிறார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. கட்டிக்குள் நிறைந்திருக்கும் நீரின் அழுத்தம், ஓட்டை விழுந்த தமனியை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்திருக்கலாம். கட்டியை வடித்ததும் அந்த அழுத்தம் நீங்கி, அடங்கியிருந்த தமனி பீறிடும். ஆகவே வடிப்பதற்கு முன் தமனிகளைக் காட்டும் அண்மைய ஸ்கேன் இருக்க வேண்டும். போலித் தமனி வீக்கம் இருந்தால் முதலில் அதை அடைத்துவிட்டுப் பிறகே கட்டியைத் தொட வேண்டும்.

எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பைக்கும் கட்டிக்கும் இடையே உலோக ஸ்டென்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. நீர் வடிந்து கட்டி சுருங்கும்போது ஸ்டென்டின் விளிம்பு எதிர்ச்சுவரில் உள்ள குழாயை உரசலாம். அதனால்தான் சுமார் 3 முதல் 4 வாரங்களில் ஸ்கேன் எடுத்து, அதை அகற்றச் சொல்கிறார்கள். உடல் நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

தமனி, சிரை தவிர வேறு குழாய்களும் பாதிக்கப்படுமா?

கடும் தாக்குதலின் முதல் சில நாள்களில் உடல் முழுவதும் உள்ள நுண்ணிய தந்துகிகள் கசிகின்றன; இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் வெளியேறுவதால் இரத்த அழுத்தம் குறைந்து சிறுநீரும் குறைகிறது. தொடக்கத்தில் சிரைவழி நீர்மம் ஏற்றுவது இதற்காகவே. கடும் நோயில் தொப்புளைச் சுற்றியோ விலாவின் கீழ்ப்பக்கத்திலோ தோல் நீலமாகக் கன்றிப்போவது உள்ளே இரத்தம் ஊறியிருப்பதன் அடையாளம். மிக அரிதாக விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டுப் பார்வை மங்கலாம். கணைய அழற்சியின்போது பார்வை குறைந்தால் கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மண்ணீரலை அகற்றிய பிறகு என்ன கவனம் தேவை?

மண்ணீரல் இல்லாதவரைச் சில பாக்டீரியாக்கள் மிக வேகமாகத் தாக்கும். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சா பி வகை ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசி வேண்டும். திட்டமிட்ட அறுவையென்றால் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்னாலும், அவசர அறுவையென்றால் 2 வாரங்களுக்குப் பின்னாலும் போடுவது வழக்கம். அதன் பிறகு வாழ்நாள் முழுவதும், காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல்தானா என்று வீட்டிலிருந்தே முடிவு செய்யாமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது வராமல் தடுக்க முடியுமா?

இரத்தக் குழாய்ப் பாதிப்பைத் தனியே தடுக்கும் மருந்து கிடையாது. கணைய அழற்சி மீண்டும் வராமல் தடுப்பதே வழி. மதுவை அறவே விட வேண்டும். புகைப்பது தனியாகவே கணையத்துக்குக் கேடு என்பதைப் பலர் அறிவதில்லை. அதையும் விட வேண்டும். பித்தக்கல் காரணமென்றால் பித்தப்பையை அகற்றும் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. லேசான தாக்குதல் என்றால், அதற்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டியதால் வந்ததென்றால், அதைக் குறைத்து வைத்திருக்க உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் தொடர வேண்டும்.

அவசரமாக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் என்ன சொல்ல வேண்டும்?

கணைய அழற்சி இருந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரத்த வாந்தி என்று மட்டும் சொன்னால் இரைப்பைப் புண்ணையே முதலில் தேடுவார்கள், அது இயல்பு. கணைய அழற்சி என்ற சொல் சேர்ந்தால்தான் தமனியைப் பற்றிய எண்ணம் வரும். நீர்க்கட்டி, ஸ்டென்ட், வடிகுழாய், முன்பு செய்த எம்போலைசேஷன் ஆகியவை இருந்தால் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் பெயரையும் கடைசியாக உட்கொண்ட நேரத்தையும் எழுதி வைத்திருங்கள். பழைய ஸ்கேனின் அறிக்கையோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீர்க்கட்டியாக இருந்தது இப்போது இரத்தப் பையாக மாறியிருக்கிறதா என்பது இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு எளிதில் புலப்படும்.